லேபிளில் பொடி எழுத்தில் இருக்கும் பாடகி

ஐயா,

ஞாயிறு இணைப்பில் அமெரிக்க ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு பற்றிய கட்டுரையைப் படித்தவர்கள், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அவர் இசைத்தட்டைத் தேடக்கூடும். நகரத்தார் கொண்டுவிற்க, அதாவது வியாபாரத்துக்கு, போன நாட்டிலிருந்து கிராமபோன் பெட்டியோடு வந்த ஆங்கிலத் தட்டுகள் அங்கே இருக்கலாம். ஆனால் லேபிளில் பெரிய எழுத்தை மட்டும் பார்த்தால் அவர் கிடைக்க மாட்டார்.

அன்றைய பெரிய வாத்தியக் குழுவில் பாடகி சம்பளக்காரர்தான். மூன்று நிமிடத் தட்டில் வாத்தியம் ஒரு சுற்று முடிந்த பிறகே பெரும்பாலும் அவர் முறை வரும். எல்லா, 1934 நவம்பரில் நியூயார்க் அப்பல்லோ அரங்கின் புதுமுகப் போட்டியில் வென்று, 1935இல் டிரம்ஸ் கலைஞர் சிக் வெப்பின் குழுவில் சேர்ந்தார். அப்போதைய டெக்கா கம்பெனித் தட்டுகளில் வெப் பெயர் கொட்டை எழுத்தில், எல்லா பெயர் அடியில் 'வோக்கல் கோரஸ்' (பாட்டுப் பகுதி) என்பதை ஒட்டிப் பொடியாக. (1936 கடைசியில் தொடங்கிய 'சவாய் எயிட்' என்ற சிறு குழுவின் பதிவுகள் விதிவிலக்கு, அவை எல்லாவின் பெயரிலேயே வந்தன. வாசித்தவர்கள் என்னவோ வெப்பின் ஆட்கள்தான்.) 1939 ஜூனில் வெப் இறந்ததும் குழுவே 22 வயது எல்லாவின் பெயருக்கு மாறியது. 1942இல் அது கலைய, அவர் தனிப்பாடகி ஆனார்.

அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க வாத்தியக்காரர் சங்கம் வேலைநிறுத்தம் செய்து ஒலிப்பதிவை நிறுத்தியதைக் கட்டுரை சொல்லாமல் விட்டது பெரிய குறை. பாடகர்கள் அந்தச் சங்கத்தில் இல்லை. வாத்தியத்துக்குப் பதில் கோஷ்டிப் பாடகர்களை வைத்துக்கொண்டு அவர்கள் பதிவு செய்தார்கள். டெக்கா 1943இலும் மற்ற பெரிய கம்பெனிகள் 1944இலும் இறங்கி வந்து சங்கத்தோடு உடன்படுவதற்குள், ரசிகர்கள் குழுவை விட்டுப் பாடகரின் பெயரைக் கேட்டுத் தட்டு வாங்கப் பழகிவிட்டார்கள்.

தட்டு கிடைத்தால் ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள். அது அரக்கு, ஸ்பிரிட்டில் கரையும், வரியும் (ஊசி ஓடும் பள்ளம்) போய்விடும். தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திர சோப்புத் திரவம் விட்டு, லேபிள் நனையாமல், மெல்லிய துணியால் வரியின் போக்கிலேயே துடைத்து நிழலில் உலர்த்துங்கள். எஃகு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டும். மழுங்கிய ஊசி தட்டையே அரைத்துவிடும்.

தட்டு சுழலும் வேகத்தையும் பாருங்கள். தட்டின் ஓரத்தில் காகிதத் துண்டு வைத்து எண்ணினால் அரை நிமிடத்தில் 39 சுற்று வர வேண்டும். 37 வந்தால் சுருதி ஏறத்தாழ அரைக்கட்டை இறங்கிவிடும்; எல்லாவின் இளங்குரல் கனத்து, வேறு யாரோ பாடுவது போலிருக்கும். பின்னால் வந்த எல்.பி. (நீண்ட நேரம் ஓடும்) தட்டுக்கான ஊசியும் கூடாது. அது சன்னம், அகன்ற வரியின் அடியில் உட்கார்ந்து இரைச்சலையே எடுக்கும்.

இப்படிக்கு,
பழைய இசைத்தட்டு ஆர்வலர்கள்,
காரைக்குடி