சமயப் பாடமும் சிவனொளிபாத மலையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

எல்லா மதங்களும் ஒன்றையே சொல்கின்றன என்று கடந்த ஞாயிறு இதழில் வந்திருந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல மனதோடு எழுதியிருக்கிறார்கள். ஆனால் அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. பௌத்தத்தில் உலகைப் படைத்த கடவுள் என்று ஒருவர் இல்லை. இஸ்லாத்துக்கும் கிறிஸ்தவத்துக்கும் அவரில்லாமல் எதுவுமே இல்லை. சைவர்களும் பௌத்தர்களும் மறுபிறவியை ஏற்றுக்கொள்கிறோம், ஆனால் பிறவி எடுக்க ஆன்மா என்று ஒன்று உண்டா என்று கேட்டால் முட்டிக்கொள்வோம். நான்கு மதகுருமார் சேர்ந்து மேடையில் குத்துவிளக்கு ஏற்றினால் இந்த வித்தியாசம் தீராது. தீர வேண்டிய அவசியமும் இல்லை.

ஒற்றுமையைத் தேடுவதென்றால் வயிற்றுப் பக்கம் தேட வேண்டும் என்பேன். சஷ்டிக்குப் பட்டினி கிடக்கிறோம். போயாவுக்கு, அதாவது பௌர்ணமிக்கு, சில் என்னும் பௌத்த விரதம் எடுப்பவர்கள் மதியத்துக்குப் பிறகு சாப்பிடுவதில்லை. வேதக்காரர்களான கிறிஸ்தவர்களுக்குத் தவக்காலம், முஸ்லிம்களுக்கு ரமழான். தன் பசியை அடக்கச் சொன்ன அத்தனை மதமும் அடுத்தவன் பசிக்குப் போடவும் சொல்லியிருக்கிறது. எங்கள் டவுன் பள்ளிவாசலில் நோன்பு மாதம் பின்னேரமானால் கஞ்சி கொடுப்பார்கள். ரம்பையும் தேங்காய்ப்பாலும் மணக்கிற அந்தக் கஞ்சிக்குத் தேயிலைத் தோட்ட லயத்துப் பிள்ளைகளும் தூக்குச்சட்டியோடு வரிசையில் நிற்கும். நீ யார் வீட்டுப் பிள்ளை என்று அங்கே யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. வெசாக் பண்டிகைக்கு இலவசமாகச் சாப்பாடு போடும் தன்சலிலும் மாரியம்மன் திருவிழா அன்னதானத்திலும் இதே கதைதான்.

இலங்கை மலைநாட்டின் சிவனொளிபாத மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். உச்சியில் இருப்பது ஒரே ஒரு பாதம். பௌத்தர்களுக்குப் புத்தர் பாதம், நமக்குச் சிவன் பாதம், முஸ்லிம்களுக்குப் பாவா ஆதம் பாதம், கிறிஸ்தவர்களில் சிலருக்குத் தோமையாருடையது. டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரை அடிவாரத்து நல்லதண்ணி வழியே சனம் ஏறிக்கொண்டே இருக்கிறது. கைப்பிடியில் வெள்ளை நூலை ஓடவிட்டபடி ஒரு சிங்கள அம்மா போவார், இரண்டு படி பின்னால் 'அரோகரா' போட்டுக்கொண்டு தோட்டத்துச் சனம் வரும். மேலே போய், எத்தனையாவது தடவை ஏறினோமோ அத்தனை முறை எல்லாரும் அதே மணியைத்தான் அடிக்கிறோம்.

இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. 1344இல் இந்த மலைக்கு வந்த மொரோக்கோப் பயணி இப்னு பதூதாவுக்குப் பல்லக்குக் கொடுத்து அனுப்பியவர் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. துணைக்கு நான்கு யோகிகளையும் மூன்று பிராமணர்களையும் கூட்டிவிட்டார். ஆதம் பாதம் பார்க்கப் புறப்பட்ட முஸ்லிமுக்கு வழிகாட்டியவர்கள், ஆண்டுதோறும் அதே பாதத்துக்கு யாத்திரை போய்வந்த அந்த யோகிகள்!

நம் பிள்ளைகளுக்கு இது தெரியுமா? சமயப் பாட வேளை வந்தால் சைவப் பிள்ளை ஒரு அறைக்கு, கத்தோலிக்கப் பிள்ளை இன்னொரு அறைக்கு. சாதாரண தரப் பரீட்சை வரை படித்தும் பக்கத்து மேசைக்காரன் ஏன் நோன்பிருக்கிறான் என்று தெரியாமலே வெளியே வருகிறார்கள். தத்தம் சமயத்தைப் படிக்கட்டும், அதில் கை வைக்க நான் சொல்லவில்லை. ஒவ்வொரு சமயப் புத்தகத்திலும் அயல் வீட்டுச் சமயங்களைப் பற்றி ஒரு அத்தியாயம் சேர்த்தால் போதும், அதையும் அந்தந்தச் சமயத்தவரே எழுதித் தர வேண்டும். பாடவிதானம் தயாரிப்பவர்களின் கண்ணில் இது படட்டும் என்றே எழுதுகிறேன். பரீட்சையில் மட்டும் அதிலிருந்து கேள்வி வேண்டாம். கேள்வி வந்தால் மறுநாளே அதற்கும் டியூசன் தொடங்கிவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மஸ்கெலியா.