உன் செயலிக்கு ஒரு நினைவக அட்டை

ஹட்டன்

அன்பின் நண்பா,

நீயே கட்டிய எட்டு பிட் செயலி சிறு நிரல்களைப் பிழையின்றி ஓட்டத் தொடங்கிவிட்டது என்று பண்டாரவளையிலிருந்து நீ எழுதியதைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். இங்கே தென்மேல் பருவமழை வலுத்திருப்பதால் மின்சாரம் அடிக்கடி தடைப்படுகிறது. ஒவ்வொரு தடையிலும் ரேம் என்னும் தற்காலிக நினைவகத்தில் இருந்ததெல்லாம் அழிந்து, நிரலை மறுபடியும் ஆளிகளைத் தட்டி பைட் பைட்டாக ஏற்றும் சலிப்பு உனக்கும் தெரிந்ததே. மின்சாரம் போனாலும் தரவை இழக்காத எஸ்.டி. நினைவக அட்டையைப் பொருத்தும் உன் எண்ணத்தை ஆகவே முழுமனதுடன் வரவேற்கிறேன்.

இவ்வளவு மெதுவான செயலியால் இக்கால அட்டையைப் படிக்க முடியுமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக முடியும். ஒரு துடிப்புக்கு ஒரு பிட்டாகத் தரவை அனுப்பும் எஸ்.பி.ஐ. முறையில் கடிகாரத் துடிப்பைக் கொடுப்பது நாமே என்பதால், இரு துடிப்புகளுக்கு நடுவே உன் செயலி வேறு கணக்கைப் பார்த்துவிட்டு வந்தாலும் அட்டை காத்திருக்கும். தொடக்கத்தில் துடிப்பின் வேகம் 400 கிலோஹேர்ட்ஸைத் தாண்டக் கூடாது என்பதே விதி. மென்பொருளால் ஒவ்வொரு பிட்டாக அனுப்பும்போது அந்த எல்லையை நீ நெருங்கவே மாட்டாய். ஒரு பைட்டை வாங்கி பிட் பிட்டாகத் தாமே அனுப்பும் நகர்வுப் பதிவகச் சிப்புகளைச் சேர்த்து வேகம் கூட்டுவதைப் பிறகு பார்க்கலாம்.

வேகத்தைவிட வோல்ற்றளவில்தான் நீ கவனமாக இருக்க வேண்டும். அட்டைக்கு உரியது 2.7 முதல் 3.6 வோல்ற்று வரையே. உன் சுற்றோ 5 வோல்ற்றில் ஓடுகிறது. அட்டைக்குச் செல்லும் மூன்று கம்பிகளையும் (கடிகாரம், தரவு, அட்டையை அழைக்கும் தெரிவுக் கம்பி) 3.3 வோல்ற்று ஊட்டிய, வோல்ற்றளவைக் குறைத்துத் தரும் 74எல்விசி245 சிப்பின் வழியாக அனுப்பு. தடையிகளால் வோல்ற்றளவைப் பிரித்தும் குறைக்கலாம், ஆனால் எனக்கு இந்தச் சிப்பில்தான் நம்பிக்கை. அட்டையிலிருந்து திரும்பி வரும் தரவுக் கம்பியைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அதில் வருவது 3.3 வோல்ற்று மட்டுமே: 5 வோல்ற்றில் இயங்கும் 74எச்சி வகைச் சிப், ஏறக்குறைய 3.5 வோல்ற்றை எட்டினால்தான் அதை ஒன்று என ஏற்கும். 74எச்சிடி வகைக்கு 2 வோல்ற்றே போதும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கும்போது அந்த ஓர் எழுத்தைப் பார்த்து வாங்கு. அட்டையின் குதைக்கு மிக அருகில் ஒரு கொள்ளளவியையும் வை, ஏனெனில் எழுதும் கணங்களில் அட்டை திடீரென அதிக மின்னோட்டத்தை இழுக்கும்.

மின்சாரம் கொடுத்ததும் தெரிவுக் கம்பியையும் அட்டைக்குச் செல்லும் தரவுக் கம்பியையும் உயர்நிலையில் வைத்து, குறைந்தது 74 துடிப்புகளைக் கொடு. பிறகு தெரிவுக் கம்பியைத் தாழ்த்தி 64, நான்கு சுழியங்கள், 149 என ஆறு பைட்டுகளை அனுப்பு. பதிலாக 1 வந்தால் அட்டை எஸ்.பி.ஐ. முறைக்குள் வந்துவிட்டது என்று பொருள். அடுத்து கட்டளை 8. அதன்பின் 55, 41 என்னும் கட்டளை இணையை, பதில் சுழியமாகும்வரை திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும். அந்தச் சுழியத்தை முதன்முதலாக விளக்குகளில் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி உனக்கும் கிடைக்க வேண்டும்.

4 முதல் 32 ஜிகாபைட் வரையிலான, எஸ்.டி.எச்.சி. எனப்படும் உயர் கொள்ளளவு அட்டையையே வாங்கு. பழைய சிறு அட்டைகளில் பைட் முகவரியைக் கொடுக்க வேண்டும். இவற்றில் 512 பைட் கொண்ட தொகுதியின் எண்ணைக் கொடுத்தால் போதும், எட்டு பிட் செயலிக்கு அது பெரிய ஆறுதல். ஒரு தொகுதியை வாசிக்கும் கட்டளை 17 அனுப்பியபின் 254 என்ற அடையாள பைட் வரும்வரை காத்திருந்து, 512 பைட்டுகளையும், அவற்றின் பின்னே வரும் இரண்டு சரிபார்ப்பு பைட்டுகளையும் வாசித்துவிடு. கோப்பு முறைமையை இப்போதைக்கு விட்டுவிட்டு, தொகுதிகளை நேரடியாகவே பயன்படுத்து.

எழுதுவதில் மட்டும் அவசரம் வேண்டாம். தரவை ஏற்றதாக அட்டை பதில் சொன்ன பிறகும், உள்ளே எழுதி முடியும்வரை, திரும்பி வரும் தரவுக் கம்பியைத் தாழ்நிலையிலேயே பிடித்திருக்கும். அந்த இடைவெளியில் மின்சாரம் போனால் அந்தத் தொகுதி கெட்டுப்போகலாம். உன் பக்கத்திலும் மின்தடை உண்டென்பதால், முக்கியமான நிரலை இரண்டு வெவ்வேறு தொகுதிகளில் மாற்றி மாற்றிச் சேமித்து வா. உன் சுற்றுப்படத்தை அடுத்த கடிதத்தோடு அனுப்பு. கம்பிகளை இணைப்பதற்கு முன் நானும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்