புள்ளி கொடுத்தால் வேலை விளையாட்டாகிவிடுமா?

பெங்களூர் நிறுவனங்களில் எச்.ஆர். பொறுப்பில் இருப்பவர்களுக்கும், ஊழியர்களுக்கு உற்சாகம் ஊட்டத் திட்டம் போடுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

நான் எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு வாடிக்கையாளர் சேவை மையத்தில் டீம் லீட். தமிழ் வாய்ஸ் ப்ராசஸ், அதாவது போனில் தமிழில் பேசி உதவுகிற வேலை. என் டீமில் பாதிப் பேர் ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி வழியாகத் தினம் வந்து போகிறவர்கள். மீதிப் பேர் தர்மபுரி, திருப்பத்தூர் பக்கமிருந்து வந்து பி.ஜி.யில் தங்கியிருக்கிறார்கள், அல்சூரில் பிறந்து வளர்ந்த பெங்களூர்த் தமிழர்களும் உண்டு. கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அதோடு, இது ஒரு கம்பெனியின் கதையும் இல்லை. ஓசூர் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், ஆளுக்கொரு பேட்ஜ் கதை வைத்திருப்பார்கள்.

பாயின்ட், பேட்ஜ், லெவல், ஸ்ட்ரீக், லீடர்போர்டு. வீடியோ கேமில் இருப்பதையெல்லாம் எடுத்து வேலைக்குள் வைத்தால் ஆட்கள் துள்ளிக்கொண்டு உழைப்பார்கள் என்று யாரோ உங்களுக்கு ஒரு பிரசன்டேஷன் காட்டியிருக்கிறார்கள். எனக்கு விளையாட்டின் மேல் பகை எதுவும் கிடையாது. ஷிஃப்ட் முடிந்து போனில் கேம் ஆடிக்கொண்டே தூங்கிப்போகிற ஆள்தான் நானும். அதனால்தான் உறுத்துகிறது. நீங்கள் எடுத்து வந்தது ஸ்கோர்போர்டை மட்டும். விளையாட்டை அங்கேயே விட்டுவிட்டீர்கள்.

எங்கள் ஃப்ளோரில் நடப்பதைச் சொல்கிறேன். சுவரில் ஒரு பெரிய டி.வி. அதில் எல்லோர் பெயரும் வரிசையாக ஓடும். மேலே இருப்பவர்கள் பச்சை, கீழே இருப்பவர்கள் சிவப்பு. ஒரு டிக்கெட்டை, அதாவது பதிவான ஒரு புகாரை, மூடினால் பாயின்ட். 6 நிமிஷத்துக்குள் மூடினால் கூடுதல் பாயின்ட். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு பெரியம்மா கூப்பிடுகிறார். மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணம் வந்ததா என்று பார்க்க வேண்டும், ஆப் திறக்க மாட்டேன் என்கிறது. ஓ.டி.பி. எது, பின் எது என்று அவருக்குப் புரியவைக்க வேண்டும். "நம்பரை என்கிட்ட சொல்லாதீங்கம்மா, நீங்களே போடுங்க" என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். கண்ணாடியைத் தேடி எடுத்து வரும்வரை காத்திருக்க வேண்டும். என் டீமில் ஒரு பெண் இதையெல்லாம் பொறுமையாகச் செய்து, பணம் வந்துவிட்டதைக் காட்டிக்கொடுத்துவிட்டுத்தான் போன் பேச்சை முடித்தாள். "நல்லா இருப்ப தாயி" என்றார் அந்த அம்மா. இவள் நிமிர்ந்து டி.வி.யைப் பார்த்தால் பெயர் சிவப்புக்குப் போயிருந்தது.

அப்புறம் என்ன ஆகும்? ஆட்கள் வழி கண்டுபிடிப்பார்கள். "ஆப்பை அழிச்சிட்டு மறுபடி போட்டுப் பாருங்க, சரியாகலைன்னா திரும்பக் கூப்பிடுங்க." 3 நிமிஷம், டிக்கெட் க்ளோஸ். சரியாகாது என்று சொன்னவருக்கே தெரியும். அந்த வாடிக்கையாளர் மறுபடி கூப்பிடும்போது அழைப்பு வேறொருவருக்குப் போகும், அவருக்கும் பாயின்ட். உங்கள் டேஷ்போர்டில் அது இரண்டு வெற்றி. நாங்கள் திரும்பக் கூப்பிட வேண்டிய கால்பேக் பட்டியலிலும் இதே கதைதான். முகவரி மாற்றம், பாஸ்வேர்டு மாற்றம் எல்லாம் ஷிஃப்ட் தொடங்கிய அரைமணியில் காலி; பணம் மாட்டிக்கொண்ட கேஸ்கள் கீழே ஊறிக்கொண்டிருக்கும். இதற்காக நான் என் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். எதற்கு மார்க்கோ அதைத்தானே படிப்பார்கள்.

ஸ்ட்ரீக் இன்னும் விசேஷம். தொடர்ந்து சரியான நேரத்துக்கு லாகின் செய்தால் பேட்ஜ். மழை பெய்து சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் எங்களை ஏற்றி வரும் கேப் ஒரு மணி நேரம் நின்றால் ஸ்ட்ரீக் பூஜ்ஜியம். கேப் அனுப்பியதும் கம்பெனிதான் என்பதை சாஃப்ட்வேர் கணக்கில் எடுக்காது. காய்ச்சலுக்கு லீவு போட்டாலும் பூஜ்ஜியம். ஆகவே காய்ச்சலோடு வந்து, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, அக்கம்பக்கம் இரண்டு பேருக்கும் காய்ச்சலைக் கொடுத்துவிட்டுப் போன ஒருவருக்கு அந்த மாத பேட்ஜ் கிடைத்தது. கைதட்டினோம்.

இதெல்லாம் புதுசு என்று நினைக்காதீர்கள். 2011-ல் அமெரிக்காவில், அனஹைம் டிஸ்னிலேண்ட் ஹோட்டல்களின் சலவைக்கூடத்தில் இதே மாதிரி திரை வைத்தார்கள். யார் எவ்வளவு வேகமாகத் துணி போடுகிறார்கள் என்று பெயரோடு, நிறத்தோடு ஓடியது. அங்கே வேலை பார்த்தவர்கள் அதற்கு வைத்த பெயர் 'மின்னணுச் சாட்டை'. பாத்ரூம் போனால் வேகம் குறைந்துவிடுமே என்று பயந்தவர்கள் இருந்தார்கள் என்று பத்திரிகையில் வந்தது. அடுத்த ஆண்டே கார்ட்னர் என்ற தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம், இப்படி விளையாட்டாக்கிய திட்டங்களில் 80 சதவீதம் 2014-க்குள் தங்கள் நோக்கத்தை எட்டாது, மோசமான வடிவமைப்பே காரணமாக இருக்கும் என்று கணித்தது. உங்களுக்கு வந்த பிரசன்டேஷனில் இந்த ஸ்லைடு இருந்திருக்காது.

சரி, உண்மையிலேயே கேம் வடிவமைக்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள்? ரிச்சர்டு பார்ட்டில் என்று ஒருவர். 1978-ல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி, இருவருமாக வளர்த்த 'மட்' விளையாட்டு, பலர் சேர்ந்து ஆடுகிற இன்றைய ஆன்லைன் கேம்களின் முன்னோடிகளில் ஒன்று. பார்ட்டில் 1996-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஆட வருகிறவர்கள் நான்கு விதம் என்றார்: புள்ளி சேர்க்கிறவர்கள், மூலைமுடுக்கெல்லாம் தேடிப் பார்க்கிறவர்கள், மற்றவர்களோடு பேசிப் பழக வருகிறவர்கள், அடுத்தவரை வீழ்த்துவதில் சுகம் காண்கிறவர்கள். உங்கள் லீடர்போர்டு முதல் வகைக்கும் கடைசி வகைக்கும் மட்டும்தான் தீனி போடுகிறது. என் டீமில் ஒரு தம்பி இருக்கிறான். ஆப்பில் எந்த மெனு எந்த மூலையில் ஒளிந்திருக்கிறது என்று அவனுக்குத்தான் தெரியும். எல்லோரும் அவனிடம்தான் போய்க் கேட்போம். அவன் பெயர் ஒருநாளும் முதல் பத்தில் வந்ததில்லை. அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கிற நிமிஷங்கள் அவன் கணக்கில் சோம்பேறித்தனமாகப் பதிவாகின்றன.

நம் ஊர் ஆடு புலி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 3 புலி, 15 ஆடு. புலி வெட்டலாம், ஆடு வெட்ட முடியாது. அப்பட்டமான ஏற்றத்தாழ்வு. ஆனாலும் அது ஆட்டம்தான், ஏனென்றால் ஆடுகள் சேர்ந்து நின்றால் புலியை அசையவிடாமல் கட்டிவிடலாம். விதி இரண்டு பக்கத்துக்கும் முன்கூட்டியே தெரியும். ஆடிக்கொண்டிருக்கும்போது யாரும் தரையில் கோட்டை அழித்து வரைய மாட்டார்கள். எங்களுக்கோ மாத நடுவில் ஒரு மெயில் வரும், இனி 6 நிமிஷம் இல்லை 5 நிமிஷம் என்று. அதுவரை சேர்த்த பாயின்ட் என்ன ஆகிறது என்று கேட்டால், "சிஸ்டம் பார்த்துக்கொள்ளும்" என்று பதில். அந்த சிஸ்டம் எப்படிக் கணக்குப் போடுகிறது என்று டீம் லீடான எனக்கே தெரியாது. கர்நாடக அரசு 2025-ல் ஆப் வழியாக வேலை பார்க்கும் கிக் தொழிலாளர்களுக்காகக் கொண்டுவந்த சட்டத்தில், தானியங்கிக் கண்காணிப்பைப் பற்றித் தொழிலாளிக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது. உணவு கொண்டுவந்து தருகிற தம்பிக்கு உண்டான அந்த உரிமை, ஏ.சி. அறையில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கும் இருந்தால் குறைந்தா போய்விடும்?

இன்னொன்றும் எங்கள் ஃப்ளோரில் நடந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். முன்பு ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. காரணம் பிடிபடாத புகார் வந்தால் யாராவது அதில் எழுதி வைப்பார்கள். உதாரணமாக, ஒரே ஒரு மாடல் போனில், அதுவும் தமிழ் கீபோர்டு போட்டிருந்தால் மட்டும், லாகின் ஆகவில்லை. டீக்குப் போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று படித்து, கீழே ஒரு துப்பு எழுதிவிட்டுப் போவார்கள். நைட் ஷிஃப்ட் எழுதியதை மார்னிங் ஷிஃப்ட் அடித்துத் திருத்தும். கண்டுபிடித்தவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சமோசா படம் வரைவோம். நிஜ சமோசாகூடக் கிடையாது. யாரும் வடிவமைக்காமல் தானாக முளைத்த ஆட்டம் அது. வாரத்துக்கு ஒரு புதிராவது அவிழும்.

மேலிடத்துக்குப் பிடித்துப்போய், கண்டுபிடிக்கிறவருக்கு 500 ரூபாய் வவுச்சர் என்று அறிவித்தார்கள். நல்லெண்ணம்தான், மறுக்கவில்லை. கொஞ்ச நாளில் பலகை முழுக்க ஏற்கெனவே விடை தெரிந்த புதிர்கள். துப்பு எழுதுவது நின்றது. எழுதினால் அடுத்தவன் வவுச்சரைத் தட்டிக்கொண்டு போய்விடுவானே. பிறகு பட்ஜெட் இல்லை என்று வவுச்சரையும் நிறுத்தினார்கள். பலகை இப்போது காலியாக இருக்கிறது, கேன்டீன் மெனு ஒட்டுகிறார்கள்.

உளவியல் படித்தவர்களுக்கு இது பழைய செய்தி. 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் மழலைப் பள்ளிக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள குழந்தைகளில் சிலருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்னாலேயே ஆசை காட்டினார்கள். பிற்பாடு சும்மா விட்டபோது, அந்தக் குழந்தைகள்தான் மற்றவர்களைவிடக் குறைவாக வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களுக்கு அந்தக் குறை வரவில்லை.

வேலையிடத்தில் விளையாட்டே எடுபடாது என்று நான் சொல்லவில்லை. விண்டோஸ் 7 வெளிவருவதற்கு முன், அதன் திரைகள் பல மொழிகளில் சரியாக வந்திருக்கின்றனவா என்று பார்க்க மைக்ரோசாஃப்ட் ஒரு விளையாட்டு வைத்தது. உலகெங்கும் சுமார் 4,500 ஊழியர்கள் தங்கள் தாய்மொழித் திரைகளைப் பார்த்துத் தப்பைச் சுட்டினார்கள். 5 லட்சம் திரைகள் பார்க்கப்பட்டன. ஜப்பான் அலுவலகம் இதற்கென்றே ஒருநாள் வேலையை ஒதுக்கியது. அது ஏன் ஓடியது என்றால், அது யாருடைய அன்றாட வேலையும் இல்லை. தோற்றால் சம்பளம் குறையாது. அவரவர் மொழி அவரவருக்குத் தெரியும் என்பதால் எல்லோராலும் ஆட முடிந்தது.

ஆட வேண்டுமா என்று கேட்பதுகூட ஒரு முக்கியமான விஷயம். வார்ட்டன் மேலாண்மைப் பள்ளியின் மோலிக், ராத்பார்ட் இருவரும் விற்பனையாளர்களிடையே கூடைப்பந்து பாணியில் ஒரு விளையாட்டை வைத்துப் பார்த்தார்கள். மனசார ஒப்புக்கொண்டவர்களுக்கு வேலையிடத்தில் சந்தோஷம் கூடியது. ஒப்பாதவர்களுக்கு இருந்ததும் குறைந்தது. எங்களை யாரும் கேட்கவில்லை. ஒரு திங்கட்கிழமை வந்தோம், டி.வி. மாட்டியிருந்தது.

ஆகவே நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பெயர் போட்ட வரிசையை எடுத்துவிட்டு, ஃப்ளோர் முழுக்க சேர்ந்து இன்று எத்தனை பேர் பிரச்சினையைத் தீர்த்தோம் என்று காட்டுங்கள். தீர்ந்ததா என்பதை டிக்கெட் மூடிய நேரத்தை வைத்து முடிவு செய்யாமல், அதே ஆள் ஒரு வாரத்துக்குள் திரும்பக் கூப்பிடுகிறாரா என்று பாருங்கள். என் எண் எனக்கு மட்டும் தெரிந்தால் போதும். அது எனக்கு உதவும். கணக்கு எப்படிப் போடுகிறீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள், கன்னடத்திலும் தமிழிலும்கூட. விதி மாற்றுவதானால் மாதம் முடிந்து மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன் ஹெட்செட் மாட்டுகிற நாலு பேரை உட்காரவைத்துக் கேளுங்கள். ஆட்டத்துக்கு வரவில்லை என்று சொல்கிறவரை, 'டீம் ஸ்பிரிட் இல்லை' என்று எழுதி வைக்காதீர்கள். இத்தனையும் முடியாது, ஆட்களை அளந்துதான் ஆக வேண்டும் என்றால், அளந்துகொள்ளுங்கள். அளப்பது உங்கள் உரிமை. ஆனால் பலூன் பறக்கவிட்டு, பேட்ஜ் குத்தி, சிரிக்கச் சொல்லாதீர்கள்.

ஏப்ரல் அப்ரைசல், அதாவது எங்கள் வேலை மதிப்பீடு, நெருங்குகிறது. லீடர்போர்டு எண்கள் அதில் சேருமா சேராதா என்பதை அதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். டவுன்ஹால் கூட்டத்தில் வாய்வார்த்தையாக வேண்டாம், மெயிலில் எழுத்தாக வேண்டும். என் டீமில் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். என்னிடம் பதில் இல்லை.

இப்படிக்கு,
ஒரு டீம் லீட்,
எலக்ட்ரானிக் சிட்டி, பெங்களூர்