குடத்தை நிறுத்துகிறோம், மக்கா

தக்கலை,
ஐப்பசிக் கடைசி

அன்பு மக்கா,

ஓணத்துக்கு முன்னால் நீ போட்ட கடிதம் மேசையிலேயே கிடக்கிறது. அதுக்கான சண்டையை நேரில் போட்டுக்கொள்வோம். இங்கே எல்லாரும் சுகம். மழையில் அம்மாவுக்கு முட்டுவலி கூடியிருக்கிறது. சின்னவள் காலேஜ் போகத் தொடங்கிவிட்டாள், வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். ரப்பர் வெட்டு நின்று கிடக்கிறது. கொச்சேட்டன் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார், கூடவே அந்தப் பழைய வார்த்தையையும் சொல்லச் சொன்னார். அதை நான் எழுத மாட்டேன்.

எழுத உட்கார்ந்தது வேறு காரியத்துக்கு. கொஞ்ச நாளில் நம் வில்லுப்பாட்டு சேனலில் இருந்து உனக்கு ஒரு அறிவிப்பு வரும். மாதச் சந்தாவில் இருக்கும் மூன்று லெவலில் 'குடம்' லெவலை நிறுத்துகிறோம். தொடங்கின நாளில் இருந்து நீ அதில் இருக்கிறாய். அதை போனில் ஒரு மெசேஜாகப் பார்த்துவிட்டு, "எனக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே இவன்" என்று நீ மைனியிடம் குதிப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும். மாதாமாதம் வரும் புத்தகத்தை நீ உறைகூடப் பிரிக்காமல் அடுக்கி வைத்திருப்பதாக மைனி போன வாரம் போனில் சொன்னாள். ஆனாலும் நீ குதிப்பாய் என்று எனக்குத் தெரியும்.

கணக்கைச் சொல்கிறேன், நீ வங்கியில் இருந்தவன். தாளம் 29 ரூபாய், குடம் 99, வில் 299. தாளத்துக்கு வீடியோ இரண்டு நாள் முந்திக் கிடைக்கும். வில்லுக்கு ராமுழுக்கப் பாடினதை வெட்டாமல் கொடுக்கிறோம். இரண்டிலும் போனில் இருந்து போனுக்குப் போகிற சரக்குதான், பெரிய செலவில்லை. குடம் மட்டும் காகிதம். நம் செட்டின் தலைமைப் பாட்டுக்காரர் அண்ணாவி பாடியதைக் கேட்டு எழுதி, விளவங்கோட்டுக்காரனுக்கே புரியாத வார்த்தைகளுக்கு அடியில் பொருள் போட்டு, 32 பக்கத்தில் மாதம் ஒரு கதைப்புத்தகம். 99 ரூபாயில், ஆன்லைனில் பணம் வாங்கித் தருகிற கேட்வேக்காரன் இரண்டு சதவீதமும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் எடுத்தால் இரண்டு ரூபாய் முப்பத்து நாலு காசு போகும், அது பெரிசில்லை. அடிவயிற்றில் கை வைத்தது தபால். 2024 டிசம்பரில் புத்தகத்துக்கான பதிவுத் தபால் சலுகை நின்றது. 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபாலே விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது. அக்டோபர் 1 முதல் வந்த புதுக் கட்டணத்தில், வெளியூர் என்றால் 50 கிராமுக்கே 47 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. நம் புத்தகம் உறையோடு 50-ஐத் தாண்டும், ஆக அடுத்த கட்டணம். அச்சுக்கூலியும் சேர்ந்தால் 99 காலி. சாதாரணத் தபாலில் போடலாம்தான், ஆனால் எது சேர்ந்தது எது சேரவில்லை என்று மாதக் கடைசியில் யாரிடம் கேட்பது?

வருகிற பணத்தில் பாதி பாடுகிறவர்களுக்கு என்று சொல்லித்தானே மக்கா இதைத் தொடங்கினோம். வில்லடிப்பவர், உடுக்கைக்காரர், குடம் அடிப்பவர், தாளம், கட்டை என்று ஒரு செட்டுக்கு எத்தனை பேர்! கோயில் கொடை விழா இல்லாத மாதங்களில் அவர்களுக்கு வேறு என்ன வரும்படி இருக்கிறது? குடம் லெவலில் இருந்து குடம் அடிக்கிற அந்த அண்ணனுக்கே இப்போது ஒரு ரூபாய் போவதில்லை. கணக்குநோட்டைப் பார்த்தபிறகு நிறுத்துவதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கணக்கப்பிள்ளை மட்டும் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தார். உனக்குத் தெரியும், அவருக்கு எதை நிறுத்தினாலும் அப்படித்தான்.

நிறுத்துவது சரி. எப்படி நிறுத்துவது என்பதில்தான் இங்கே பெரிய அடி.

எடிட்டிங் பார்க்கிற தம்பி நல்ல பையன், ராத்திரி பகல் பார்க்காமல் உழைக்கிறவன். அவன் சொன்னான், "அண்ணே, எதுக்கு நிறுத்தணும்? எல்லாரையும் 199-க்கு ஏத்திருவோம். யாருட்டயும் கேக்க வேண்டாம்." எப்படி என்றேன். கணக்கில் இருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கிற ஆட்டோபேக்கு சம்மதம் வாங்கும்போது உச்சவரம்பு 500 என்றுதான் எல்லாருக்கும் போட்டிருக்கிறது, அதனால் 99 எடுக்கிற இடத்தில் 199 எடுத்தாலும் யாரும் பின் நம்பர் போட வேண்டியதில்லை என்றான். நீ இதில் ஊறினவன், உனக்குப் புதிதில்லை. 2021 அக்டோபர் 1 முதல் கட்டாயமான ரிசர்வ் வங்கி விதிப்படி, மாதாமாதம் தானாக எடுக்கிற பணத்துக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் போக வேண்டும். முதலில் 5,000 வரைக்கும், 2022 ஜூனில் இருந்து 15,000 வரைக்கும் ஒவ்வொரு தடவையும் ஓ.டி.பி. வேண்டாம். விதிப்படி பார்த்தால் தம்பி சொன்னதில் குற்றமில்லை. தகவல் போகும், 24 மணி நேரம் இருக்கும், வேண்டாதவர் ரத்து செய்யலாம்.

"பாதிப்பேரு கவனிக்கவே மாட்டாங்க அண்ணே" என்றான் கடைசியில். அங்கேதான் எனக்கு ஏறிவிட்டது.

யார் அந்தக் கவனிக்காத பாதிப்பேர்? முகம் முகமாக எனக்குத் தெரியும். இரணியல் பக்கத்தில் ஒரு டீச்சர், பென்ஷன் கணக்கு. மகன் வெளிநாடு போகுமுன் போனில் எல்லாம் சரிசெய்து வைத்துவிட்டுப் போனான். வங்கியில் இருந்து இங்கிலீஷில் வருகிற மெசேஜை அவர் திறப்பதே இல்லை. குலசேகரத்தில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற அண்ணன் ஒருத்தர், அவர் அப்பா அந்தக் காலத்தில் குடம் அடித்தவர். மழைக்காலத்தில் வெட்டில்லாமல் கையில் காசில்லாதபோதும் அந்த 99-ஐ அவர் நிறுத்தவில்லை. முட்டத்தில் இருந்து ஆழ்கடல் போகிற பையன், கடலில் கிடக்கும்போது போனுக்கு எந்த மெசேஜும் வராது, கரைக்கு வருமுன் பணம் போயிருக்கும். கவனிக்கிறவன் தப்பித்துக்கொள்வான். கவனிக்காத டீச்சரிடம் இருந்து மாதம் நூறு ரூபாய் கூடுதலாக எடுத்து, அதை வைத்துக் கலைஞனுக்குக் கொடுக்கிறோம் என்று மேடையில் எப்படிச் சொல்வது? அந்த 500 என்பது அவர்கள் நமக்குக் கொடுத்த அனுமதி இல்லை மக்கா. அவர்கள் சம்மதித்தது 99-க்கு. 500 என்ற எண்ணை யாரும் படித்திருக்கவே மாட்டார்கள், அந்தப் பக்கத்தில் அது அவ்வளவு பொடி எழுத்தில் இருக்கிறது.

தம்பியிடம் பேட்ரியான் கதையைச் சொன்னேன். வெளிநாட்டில் பாடகர்களுக்கும் ஓவியர்களுக்கும் ஆதரவாளர்கள் மாதாமாதம் பணம் அனுப்புகிற தளம் அது, 2013-ல் தொடங்கியது, தொடங்கிய இருவரில் ஒருவர் இசைக்காரர். 2017 டிசம்பர் 7-ல் ஒரு அறிவிப்பு விட்டார்கள்: இனி ஒவ்வொரு ஆதரவுத் தொகைக்கும் 2.9 சதவீதமும் 35 சென்டும் கொடுப்பவரிடமே கூடுதலாக எடுப்போம் என்று. படைக்கிறவர் கையில் கொஞ்சம் அதிகம் போய்ச் சேரட்டும் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். ஆனால் யார் தலையில் விழுந்தது? ஒரு டாலர் கொடுப்பவர் கிட்டத்தட்ட 1.38 டாலர் கொடுக்க வேண்டும். பத்துப் பேருக்கு ஒவ்வொரு டாலராகப் பிரித்துக் கொடுத்தவருக்குப் பத்துத் தடவை 35 சென்ட். பெரிய தொகை கொடுப்பவருக்கு அது பெரிசில்லை, சின்னத் தொகைக்காரருக்குத்தான் அடி. ஜனம் கூட்டம் கூட்டமாக ரத்து செய்தது. பாவம், ஒன்றும் அறியாத ஓவியர்கள் வருமானம் இழந்தார்கள். டிசம்பர் 13-ம் தேதியே மன்னிப்புக் கேட்டு அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஒரு வாரம்கூட நிற்கவில்லை. அத்தனை பெரிய கம்பெனி தாங்காததை நம் சின்ன செட்டு தாங்குமா?

தம்பி அதற்கும் பதில் வைத்திருந்தான். அங்கே முன்கூட்டி அறிவித்ததால்தான் சண்டை வந்தது, நாம் அறிவிக்காமலே செய்தால் வராது என்றான்! கையில் இருந்த சாயாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன்.

தீர்த்து வைத்தது அண்ணாவிதான். நாங்கள் கத்துவதைத் திண்ணையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தவர், "கொடைக்குத் தலைக்கட்டு வரிய கூட்டணும்னா என்னலே செய்வோம்? ஊரு கூடித்தானே கூட்டுவோம். வராதவன் வீட்டுக்கு ஆளனுப்பிச் சொல்லுவோம். வருத்தப்பட்டவனுக்குக் கொறைப்போம். இது மட்டும் எப்பிடி வேற?" என்றார். தம்பி அதற்குமேல் பேசவில்லை. அவன் ஊர்க் கொடையில் அவன் அப்பாதான் வரி பிரிக்கிறார். பிறகு அண்ணாவி கேட்டார், "அப்ப அந்த டீச்சருக்குப் பொஸ்தகம் போவாதா?" அதற்கு எங்கள் ஒருத்தரிடமும் பதில் இல்லை.

நம் காலேஜ் நாட்களை நினைத்துக்கொண்டேன் மக்கா. 1988-ல் சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் காலச்சுவடு தொடங்கின காலம், சிறுபத்திரிகை என்றால் நமக்குப் பித்து. டீக்குக் காசில்லாமல் ஆயுள் சந்தா கட்டினோம் நீயும் நானும், எங்கெங்கோ இருந்து வந்த எத்தனையோ பத்திரிகைகளுக்கு. சிலது நாலு இதழில் நின்றது. நின்றதில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை, நடத்தினவர்கள் வீட்டு நகையை வைத்து நடத்தினார்கள். ஆனால் ஒரு கார்டு போட்டிருக்கலாம். "நிறுத்திவிட்டோம் தம்பி" என்று ஒரு பதினைந்து பைசா கார்டு. நீ மாதக்கணக்கில் தபால்காரரை வழிமறித்துக் கேட்டுக்கொண்டிருந்தாயே, அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. நம் ஆட்கள் யாரும் அப்படி நின்று கேட்கக் கூடாது.

ஆகவே முடிவானது இது. குடத்தில் புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை. இருப்பவர்களுக்குப் பங்குனி வரை அதே 99-க்கே புத்தகம் போகும், நட்டம் எங்களுடையது. பங்குனியோடு அவர்கள் கொடுத்த ஆட்டோபே அனுமதியை நாங்களே ரத்து செய்துவிடுவோம். யாரையும் வேறு லெவலுக்குத் தானாக மாற்றமாட்டோம், மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. வருட சந்தாவாக 999 கட்டினவர்களுக்கு மிச்ச மாதத்துக்கு மாதம் 83 ரூபாய் 25 காசு வீதம் திரும்பப் போகும். கணக்கப்பிள்ளை அந்த 25 காசை விட்டுவிடலாம் என்றார், நான் விடவில்லை. புதிதாக 'உடுக்கை' என்று 149-க்கு ஒன்று வரும், மாதம் ஒரு நாள் அண்ணாவியோடு நேரலையில் உட்கார்ந்து கேள்வி கேட்கலாம், தபால் கிடையாது. கதைப்புத்தகங்கள் வருடத்துக்கு ஒரு தடவை ஒரே கட்டாகத் தைத்து வரும். அதை யாரும் தனியாக வாங்கலாம், கொடை நடக்கிற கோயில் முற்றத்திலேயே கடை போடுவோம், தபால் செலவும் மிச்சம். டீச்சருக்கும் குலசேகரத்து அண்ணனுக்கும் நான் பைக்கில் கொண்டு கொடுத்துவிடுவேன். எல்லாருக்கும் அப்படிச் செய்ய முடியாது, தெரியும். செய்ய முடிகிறவர்களுக்குச் செய்கிறேன்.

எனக்குப் பயம் இல்லை என்று சொன்னால் பொய். அனுமதியை நாமே ரத்து செய்தால் எத்தனை பேர் திரும்பி வந்து பின் நம்பர் போடுவார்கள்? ஒரு தடவை விட்டுப்போன கை திரும்ப வருவது லேசில்லை. பாதிப்பேர் வராவிட்டால் சித்திரைக் கொடைக்கு மைக் செட் வாடகைக்கே கை ஏந்த வேண்டும். ராத்திரி படுத்தால் இந்தக் கணக்குதான் ஓடுகிறது. இருந்தாலும் அந்த இரணியல் டீச்சர் வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து அவர் கொடுக்கிற சாயாவைக் குடிக்க எனக்கு முகம் வேண்டும்.

இப்போ உன் சோலி. இரண்டு காரியம். ஒன்று, அந்த 500 உச்சவரம்பை ரத்து செய்யாமலே 99-க்குக் குறைக்க வழி இருக்கிறதா? இருந்தால் தாளத்திலும் வில்லிலும் இருப்பவர்களுக்கும் அவரவர் தொகைக்கே இறக்கிவிடலாம். கேட்வேக்காரர்களிடம் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், உன் பழைய ஆபீஸ் ஆட்களிடம் கேட்டுச் சொல். இரண்டாவது, அறிவிப்பில் நான் எழுதியிருக்கும் இந்த வரி: "பங்குனிக்குப் பிறகு உங்கள் கணக்கில் இருந்து நாங்கள் பணம் எடுக்க மாட்டோம். தொடர விருப்பமிருந்தால் நீங்களே புதிதாக அனுமதி கொடுங்கள். விருப்பமில்லை என்றால் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்." கடைசித் துண்டு ஆளை வெளியே போகச் சொல்வதுபோல் இருக்கிறது, அதை எடுத்துவிடலாம் என்கிறான் தம்பி. அது இருக்க வேண்டும் என்பது என் பக்கம். அண்ணாவி உன்னிடம் கேட்கச் சொன்னார்.

நீ எந்த லெவலுக்குப் போகப் போகிறாய் என்பதையும் எழுது. வில்லுக்கு வா என்று நான் கேட்க மாட்டேன், ஆனால் பென்ஷன் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். மைனிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. கார்த்திகை பிறந்ததும் அறிவிப்பு அச்சுக்குப் போகிறது, அதற்கு முன் அந்த வரியைப் பற்றி உன் பதில் வரட்டும்.

உன்,
மக்கா