உயர் பாதுகாப்புச் சிறைகளுக்குச் சுயேச்சையான கண்காணிப்பு வேண்டும்: உள்துறை அமைச்சருக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
கைதிகளின் குடும்பத்தினர்,
ஜார்ஜ்டவுன், பட்டர்வொர்த், பிறை, நிபோங் திபால் வட்டாரங்கள்,
பினாங்கு மாநிலம், மலேசியா.

பெறுநர்:
மாண்புமிகு உள்துறை அமைச்சர் அவர்கள்,
உள்துறை அமைச்சு, புத்ராஜெயா.

நகல்: சிறைச்சாலைத் துறைத் தலைமை இயக்குநர், சுஹாகாம் (மலேசிய மனித உரிமை ஆணையம்) தலைவர்.

பொருள்: உயர் பாதுகாப்புச் சிறைகளின் நிலைமையையும் மருத்துவப் பராமரிப்பையும் சிறைத்துறை சாராத குழு பார்வையிட்டு அறிக்கை வெளியிட வழிசெய்யக் கோருதல்.

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் கணவன்மாரையும் விடுதலை செய்யுங்கள் என்று கேட்டு இந்த மனுவை நாங்கள் எழுதவில்லை. சிலருக்கு நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. சிலருக்கு வழக்கு இன்னும் நடக்கிறது. நீதிமன்றம் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது சுதந்திரத்தை. வேளைக்கு மருந்தையும், குடிக்கத் தகுந்த நீரையும், அடி விழுமோ என்று அஞ்சாமல் உறங்கும் இரவையும் எடுத்துக்கொள்ளும்படி எந்த நீதிபதியும் எழுதவில்லை. இவை கிடைக்கின்றனவா என்று சிறைத்துறையைச் சேராத ஒருவர் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும், பார்த்ததை வெளியே சொல்ல வேண்டும். எங்கள் கோரிக்கை இதுதான்.

எல்லோர் சார்பிலும் எழுதும் நான், அரசு மருத்துவமனையில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். என் தம்பி தீபகற்பத்தில் உள்ள ஓர் உயர் பாதுகாப்புச் சிறையில் இருக்கிறான். கட்டாய மரண தண்டனையை நீக்கிய சட்டம் 2023 ஜூலை 4-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த பிறகு, அவனுடைய தண்டனை மறுஆய்வு செய்யப்பட்டு நீண்டகாலச் சிறைத்தண்டனையாக மாற்றப்பட்டது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த அரசாங்கத்துக்கு எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது. ஆனால் மரண தண்டனைக்கு மாற்றாக விதிக்கப்படுவது 30 முதல் 40 ஆண்டு வரையிலான சிறை. அப்படியானால் நம் சிறைகளில் இனி மூப்படைவோர் பெருகுவார்கள். நீரிழிவு, இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, கண்புரை, மறதி எல்லாம் அந்தச் சுவர்களுக்குள்தான் வரும். உயிரைக் காத்த சட்டத்தின் மறுபாதி மருத்துவப் பராமரிப்பு. அதை யார் சரிபார்க்கிறார்கள்?

என் தம்பிக்கு நீரிழிவு உண்டு. ஒரு சந்திப்பின்போது கண்ணாடிக்கு அப்பால் அவனுடைய காலில் துணி சுற்றியிருந்ததைக் கண்டேன். கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டான். தொலைபேசியில் சொல்வதை வேறு யாரும் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்ற பயம் அவனுக்கு. பிறகு அவனை மருத்துவமனையில் சேர்த்து இரண்டு விரல்களை அகற்றியிருக்கிறார்கள். எங்களுக்கு அந்தச் செய்தி அறுவை சிகிச்சை முடிந்த பின், இன்னொரு கைதியின் மனைவி வழியாகத்தான் வந்தது. யாரோ வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. நீரிழிவுப் புண் நல்ல மருத்துவமனையிலும் மோசமாகும்; அதை என் பணிக்காலத்தில் கண்டிருக்கிறேன். ஆனால் ஒரு தாதியாக நான் அறிய விரும்பும் கேள்விகள் மிக எளியவை. இரத்தத்தில் சர்க்கரை அளவை எப்போது எப்போது பார்த்தார்கள்? இன்சுலின் எத்தனை வேளை தவறியது? சிறப்பு மருத்துவரிடம் அனுப்பாமல் தள்ளிப்போட்டவர் மருத்துவரா, அல்லது துணைக்கு அனுப்பக் காவலர்களும் வாகனமும் இல்லாததால் ஓர் அதிகாரி எடுத்த முடிவா? இந்தக் கேள்விகளுக்கு விடை ஏதோ ஒரு கோப்பில் இருக்கிறது. அதைத் திறந்து படிக்கும் அதிகாரமுள்ள வெளியாள்தான் இல்லை.

நெல்சன் மண்டேலா விதிகள் என்ற பெயரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2015 டிசம்பர் 17-இல் ஏற்றுக்கொண்ட, கைதிகளை நடத்தும் முறைக்கான 122 விதிகளை அமைச்சர் அறிவீர்கள். 27-ஆம் விதி, மருத்துவ முடிவுகளை மருத்துவப் பணியாளர்கள் மட்டுமே எடுக்கலாம், மற்றச் சிறை அலுவலர்கள் அவற்றைத் தள்ளவோ புறக்கணிக்கவோ கூடாது என்கிறது. 15 நாள்களுக்கு மேல் தொடர்ந்து தனிமைச் சிறையில் வைப்பதும் அவ்விதிகளில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. எங்கள் மனுவுக்கு மிக நெருக்கமானவை 83 முதல் 85 வரையிலான விதிகள். சிறைத்துறையின் உள் ஆய்வு ஒருபுறம் இருக்க, அதைச் சாராத அமைப்பின் ஆய்வும் வேண்டும், அந்த ஆய்வாளர்கள் எந்தச் சிறைக்குச் செல்வது, எந்தக் கைதியிடம் பேசுவது என்பதைத் தாங்களே தீர்மானிக்கலாம், முன்னறிவிப்பின்றி வரலாம், கைதியுடன் தனியே பேசலாம், குழுவில் மருத்துவத் துறையினர் இருக்க வேண்டும் என்று அவை விளக்கமாகச் சொல்கின்றன. நெல்சன் மண்டேலா அடைபட்டிருந்த தென்னாப்பிரிக்காவின் ரொபன் தீவுச் சிறைக்கே, இனவெறி அரசு ஆண்ட காலத்தில், 1964 முதல் சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கத்தார் சென்று கைதிகளைச் சந்தித்தார்கள். மக்களாட்சி நடக்கும் நம் நாட்டுக்கு அதைவிடக் குறைந்த திறப்பு போதும் என்று எங்களால் ஏற்க முடியவில்லை.

இப்போதுள்ள ஏற்பாடுகளை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. 1995-ஆம் ஆண்டுச் சிறைச்சாலைச் சட்டத்தின் கீழ் ‘ஹாக்கிம் பெலாவாட்’ எனப்படும் வருகை நீதிபதிகள் சிறைக்குச் செல்கிறார்கள். அவர்கள் என்ன கண்டார்கள், என்ன சொன்னார்கள் என்பது எங்கள் கைக்கு எட்டியதே இல்லை. சுஹாகாமை நிறுவிய 1999-ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பு இடங்களைப் பார்வையிட அந்த ஆணையத்தை அனுமதிக்கிறது. ஆனால் அந்தந்த இடத்துக்குரிய சட்டங்களின் நடைமுறைக்கு உட்பட்டுத்தான் செல்ல வேண்டும், அதன் பிறகும் பரிந்துரைக்கத்தான் முடியும். போலீஸ் மீதான புகார்களுக்கு 2022-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐபிசிசி எனப்படும் சுயேச்சைப் போலீஸ் நடத்தை ஆணையம் 2023 ஜூலை முதல் இயங்குகிறது. அதன் எல்லை போலீஸ் துறையோடு நின்றுவிடுகிறது. கணக்கு எழுதியவரே தணிக்கையும் செய்தால் எந்தக் கடைக்காரரும் ஒப்புக்கொள்ள மாட்டார். சிறைத்துறை விஷயத்தில் நாம் பெரும்பாலும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

2025 ஜனவரி 17-ஆம் நாள் தைப்பிங் சிறையில் கைதிகள் தாக்கப்பட்டதாக எழுந்த புகாரும், ஒரு கைதியின் மரணமும் நாடறிந்தவை. சுஹாகாம் அதுபற்றிப் பொது விசாரணை நடத்தியது, அது பாராட்டத்தக்கது. ஆனால் ஓர் உயிர் போன பிறகுதான் அந்த விசாரணை வந்தது. முன்கூட்டியே சொல்லாமல் எந்த நாளும் வரக்கூடிய ஒரு குழு இருந்திருந்தால், இடநெருக்கடியையும் கழிவறைக் குறைபாட்டையும் சச்சரவாக முற்றுமுன்பே எழுதி வைத்திருக்கும்.

மரண விசாரணையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 334-ஆம் பிரிவின்படி, போலீஸ் காவலில் ஒருவர் இறந்தால் மாஜிஸ்திரேட் விசாரணை நடத்தியே ஆக வேண்டும். சிறையில் இறந்தால், அவசியம் என்று அவர் கருதினால் நடத்தலாம். லோக்கப்பில் இறந்தவரின் தாய்க்கு உறுதியாகக் கிடைக்கும் விசாரணை, சிறையில் இறந்தவரின் தாய்க்கு ஒருவருடைய விருப்புரிமையாகிவிடுகிறது. இந்த வேறுபாட்டுக்கு நியாயம் எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. சட்டத்துறைத் தலைவருடன் கலந்து, இரு மரணங்களுக்கும் விசாரணையைக் கட்டாயமாக்கும் திருத்தத்தை மக்களவையில் தாக்கல் செய்யுமாறு வேண்டுகிறோம்.

கையொப்பமிட்டவர்களுள் சிலரின் கணவன்மார் சொஸ்மா எனப்படும் 2012-ஆம் ஆண்டுப் பாதுகாப்புக் குற்றங்கள் (சிறப்பு நடவடிக்கைகள்) சட்டத்தின் கீழ் விசாரணைக் கைதிகளாக இருக்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் அவர்கள் இன்னும் குற்றவாளிகள் அல்லர். ஜாமீனுக்கு மிகக் குறுகிய விதிவிலக்குகளே உள்ளதால் வழக்கு முடியும் வரை உள்ளேதான் இருக்கிறார்கள். கண்காணிப்புக் குழு முதலில் சந்திக்க வேண்டியவர்கள் இவர்களும், தனியறைகளில் வைக்கப்பட்டிருப்பவர்களும், முதியவர்களும்.

ஆகவே, சிறைகளுக்கெனத் தனிச் சட்டத்தால் அமைந்த, நாடாளுமன்றத்துக்கு நேரடியாக அறிக்கை தரும் ஒரு குழுவை நிறுவுங்கள். அதில் மருத்துவர், மனநல மருத்துவர், வழக்கறிஞர், பெண் உறுப்பினர்கள் ஆகியோரோடு தமிழும் மாண்டரினும் அறிந்தவர்களும் இருக்கட்டும். அச்சத்தில் இருப்பவன் தன் தாய்மொழியில்தான் மனம் திறப்பான். மருத்துவக் கோப்புகளைக் கைதியின் சம்மதத்தோடு படிக்கவும், நள்ளிரவிலும் உள்ளே செல்லவும் அக்குழுவுக்கு அதிகாரம் வேண்டும். பேசியவன் மீது பழிவாங்கும் நடவடிக்கை எடுத்தால் அது குற்றம் என்று அச்சட்டத்திலேயே எழுதுங்கள். இது இல்லாமல் மற்றவை எல்லாம் வெறும் தாள்தான். ஒவ்வோர் அறிக்கைக்கும் குறித்த காலத்துக்குள் அமைச்சு எழுத்தில் பதிலளிக்கட்டும். கைதி கடும் நோயுற்றாலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாலோ அவர் குறிப்பிட்டிருக்கும் நபர்களுக்குத் தெரிவிக்கச் சொல்லும் 69-ஆம் மண்டேலா விதியை மட்டுமாவது, சட்டத்துக்குக் காத்திராமல், ஒரு சுற்றறிக்கை வழியாக இந்த மாதமே நடைமுறைப்படுத்தலாம்.

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையிலும், தடுப்பு இடங்களை முறையாகப் பார்வையிட வகைசெய்யும் அதன் விருப்ப நெறிமுறையிலும் மலேசியா இணைய வேண்டும் என்றும் கோருகிறோம். நீண்ட உள்நாட்டுப் போரைக் கண்ட இலங்கையே 2017-இல் அந்த நெறிமுறையில் இணைந்துவிட்டது. பிலிப்பீன்ஸும் கம்போடியாவும் அதற்கு முன்பே இணைந்தவை.

இதில் சிறைக் காவலர்களின் நலனும் அடங்கியிருக்கிறது. 2020 அக்டோபரில் கோவிட் பரவியபோது, 1849-இல் கட்டப்பட்ட எங்கள் பினாங்குச் சிறையோடு காவலர் குடியிருப்பும் கடுமையான நடமாட்டக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. கைதிக்கு வந்த நோய் காவலரின் பிள்ளைக்கும் வரும். ஆள் பற்றாக்குறையிலும் நெருக்கடியிலும் வேலை செய்யும் அவர்களின் குறையை மேலிடத்துக்குத் தயங்காமல் சொல்லக்கூடியதும் ஒரு சுயேச்சையான குழுதான். அவர்கள் மீது பொய்ப் புகார் வந்தால், அது பொய் என்று நம்பகமாகச் சொல்லக்கூடியதும் அதுவே.

எங்களில் பல தாய்மார்களுக்குத் தமிழ் மட்டுமே எழுதப் படிக்கத் தெரியும். எதில் கையொப்பமிடுகிறோம் என்று அவர்கள் அறிய வேண்டும் என்பதால் மனுவைத் தமிழில் எழுதி, மலாய் மொழி வடிவத்தை இணைத்திருக்கிறோம். புத்ராஜெயாவுக்கு எங்கள் பிரதிநிதிகள் வந்து தங்களை நேரில் சந்திக்க ஒரு நாளை ஒதுக்கித் தருமாறும், இம்மனுவுக்கு எழுத்துப்பூர்வமான பதிலை அனுப்புமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
கைதிகளின் குடும்பத்தினர்,
பினாங்கு.

இணைப்பு: கையொப்பப் பட்டியல், மலாய் மொழி வடிவம்.