சுருதி சேர்க்க நேரம் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். லண்டனில் 1986-ல் கலைஞர்களே சேர்ந்து தொடங்கிய ஏஜ் ஆஃப் என்லைட்டன்மென்ட் ஆர்கெஸ்ட்ரா போன்ற குழுவினர், ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் காலத்து இசையை அந்தக் காலத்து வாத்தியங்களிலேயே வாசிக்கிறார்கள். வயலினில் ஆட்டுக்குடல் தந்தி, பரோக் எனப்படும் அந்தக் கால இசைக்குச் சுருதியும் இன்றைய 440-க்குப் பதில் பெரும்பாலும் 415 ஹெர்ட்ஸ். காற்றில் ஈரம் ஏறினாலே தந்தி சுருதி விலகும், அதனால் இடைவேளையில்கூட ஹார்ப்சிகார்டு என்ற, பியானோ போன்ற பழைய தந்தி வாத்தியத்துக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஏற்காட்டு மூடுபனியில் மிருதங்கம் வாசித்தவர்களுக்கு இந்தப் பாடு நன்றாகவே தெரியும், தோல் தொய்ந்துவிடும், கல்லை வைத்துத் தட்டித் தட்டித்தான் மேலே ஏற்ற வேண்டும். ஆனால் சேலத்தில் சில விழாக்களில் "சீக்கிரம் ஆரம்பிங்க" என்று மைக்கிலேயே அவசரப்படுத்துகிறார்கள். மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அமைப்பாளர்கள் தயவுசெய்து ஒரு மணி நேரம் முன்னதாகவே மேடையைக் கலைஞர்களிடம் விட்டுவிடுங்கள், பொன்னாடையெல்லாம் அப்புறம் போர்த்தலாம்.

- ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்