ரத்தம் கேட்பதுபோல் கிட்னி கேட்காதீர்கள்

ரத்ததான வாட்ஸாப் குழுக்களை நடத்தும் தம்பி, தங்கைகளுக்கு,

நள்ளிரவில் நெகட்டிவ் குரூப் கேட்டால்கூட அரை மணியில் ஆளைப் பிடித்துக் கொடுக்கிறவர்கள் நீங்கள். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். ‘அவசரம், ஓ பாசிட்டிவ் கிட்னி தேவை, கொடுக்க விரும்புவோர் அழைக்கவும்’ என்று நோயாளியின் படமும் போன் நம்பருமாக உங்கள் குழுக்களில் வருகிறதே, அதை நிறுத்துங்கள்.

எனக்கு ஈரமில்லை என்று நினைக்க வேண்டாம். அக்காவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் ஓடிய காலத்தில் நானே அப்படி ஒன்று எழுதிப் போட்டவன்தான். ஒரு மணி நேரத்தில் முதல் அழைப்பு. “பையன் இருக்கான் சார், நல்ல ஹெல்த்தி, எவ்வளவு வரைக்கும் பார்க்கலாம்?” மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடிக்கிற மாதிரி. அடுத்த இரண்டு அழைப்புகளும் அதே கதை. சும்மா கொடுக்கிறேன் என்று ஒருவரும் அழைக்கவில்லை; அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி, முகம் தெரியாதவருக்கு நான் கொடுப்பேனா?

ரத்தம் ஊறிவிடும், சில மாதம் கழித்து மறுபடி கொடுக்கலாம். கிட்னி முளைக்காது. 1994ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன் மனைவி கொடுக்கலாம். 2011 திருத்தத்தில் தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்தார்கள். வெளியாள் என்றால் அன்பினால்தான் கொடுக்கிறார் என்று, அனுமதி தரும் அங்கீகாரக் குழு நம்ப வேண்டும். நேற்று வாட்ஸாப்பில் பார்த்து வந்தவருக்கு என்ன அன்பு? ஆக, குடும்ப நண்பர் என்று ஒரு பொய்யைத் தயார் செய்தாக வேண்டும். அதைச் செய்துகொடுக்கத்தான் புரோக்கர் இருக்கிறான்.

‘பதிவில் பணம் என்றே இல்லையே’ என்பீர்கள். உண்மைதான். பணத்துக்கு விளம்பரம் செய்தால் ஐந்து முதல் பத்து வருடம் ஜெயில், 20 லட்சம் முதல் ஒரு கோடி வரை அபராதம் என்பதால் யாரும் எழுத மாட்டார்கள். எழுதாமலே படிக்கத் தெரிந்தவர்கள் படித்துக்கொள்வார்கள். கிட்னி விற்பனையால் சென்னை வில்லிவாக்கத்துக்குக் கிட்னிவாக்கம் என்று பேர் வந்த ஊர் இது. சுனாமிக்குப் பிறகு எர்ணாவூர், 2025இல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்கள். ஒவ்வொரு தடவையும் வயிற்றில் தழும்போடு நின்றது கடன்காரக் குடும்பம்தான்.

சரி, சாக விடுவதா? இல்லை. அத்தானின் கிட்னி அக்காவுக்குப் பொருந்தவில்லை. அதே சிக்கலில் இருந்த இன்னொரு குடும்பத்தோடு மாற்றிக்கொண்டோம்; அவர் அங்கே கொடுத்தார், அங்கிருந்து அக்காவுக்கு வந்தது. இதைச் சட்டமே அனுமதிக்கிறது, ஆனால் இதைச் சொல்லும் ஃபார்வர்டு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புக்குத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் காத்திருப்புப் பட்டியல் இருக்கிறது. மருத்துவமனை வழியாகப் பதியலாம். இந்த இரண்டையும் பகிருங்கள், ஆயிரம் பேருக்கு வேண்டுமானாலும். ‘விபத்தில் சிக்கிய தம்பதியின் நான்கு கிட்னி இருக்கிறது, இலவசம்’ என்று வருடக்கணக்காகச் சுற்றும் புரளியை மட்டும் தயவுசெய்து வேண்டாம்.

என் பதிவை அன்றே அழித்துவிட்டேன். அதற்குள் எங்கெங்கோ போய்விட்டது. போன மாதம்கூட ஒருவர் கூப்பிட்டார்: “கிட்னி இன்னும் தேவைப்படுதா சார்?”